மருந்தாய்வும் மக்கள் நம்பிக்கையும்

புதிய மருந்து ஒன்று கடைக்கு வருமுன் அது கடந்து வரும் வழி நெடிது. கண்ணாடிக் குழாயிலும் எலியிலும் முயலிலும் பார்த்த பின்னர், முடிவாக மனிதர் உடலில் அதைப் பார்த்தே தீரவேண்டும். நோயாளர் சில நூற்றுவரையோ சில ஆயிரவரையோ சேர்த்து, சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் இரு பிரிவாக்குவர். ஒரு பிரிவினர்க்குப் புதிய மருந்து. மற்றப் பிரிவினர்க்குப் பழைய மருந்தோ மருந்தற்ற வெறும் மாத்திரையோ. குறித்த காலம் கழிந்ததும் இரு பிரிவினரின் நிலையையும் ஒப்பிட்டு மருந்தின் தகுதியை முடிவு செய்வர். மருத்துவரின் விருப்பு வெறுப்பு முடிவைச் சாய்த்துவிடாதபடி காப்பதற்கே இந்தக் குலுக்கல். காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைப் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இம்முறையில் ஆராய்ந்து 1948-ல் முடிவை வெளியிட்டது. அதன் பின்னர் இம்முறை உலகெங்கும் வேரூன்றியது.

குலுக்கல் நேர்மையானதுதான். ஆயினும், வந்தவர்களைத்தான் அது நேர்மையாகப் பிரிக்கும். வராதவரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. இடையில் விலகிப் போனவரைப் பற்றியும் தெரியாது. தேறமாட்டார் என்று அஞ்சப்படும் மாணவரைத் தேர்வுக்கே அனுப்பாத பள்ளி நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டலாம். அதைப் பார்த்து அப்பள்ளியின் கற்பிக்கும் திறனை அளந்துவிட முடியுமா? மருந்தாய்விலும் இதே இடர் உண்டு. மருந்து ஒவ்வாமல் துன்புற்றவரும், கூலி இழந்து மருத்துவமனைக்கு நடக்க முடியாதவரும் பாதியில் நின்றுவிட்டால், எஞ்சியவர் கணக்கு அழகாக இருக்கும். ஆனால் உண்மையாக இராது. ஆகவே ஆளைச் சேர்ப்பதும், சேர்த்த ஆளை இறுதிவரை நிறுத்தி வைப்பதும் மருந்தின் வேதியியலைப் போலவே ஆய்வின் உயிர்நிலையாகும்.

சரி, எவர் வருகின்றனர்? பெரிய மருத்துவமனைக்கு அருகில் குடியிருப்பவர், சம்பளத்தோடு விடுப்புக் கிடைப்பவர், வாகனம் உள்ளவர், பல பக்கப் படிவத்தைப் படித்துக் கையொப்பமிட அஞ்சாதவர். மேலை நாடுகளில் நெடுங்காலம் இவருள் பெரும்பாலோர் வெள்ளையராகவும் ஆண்களாகவும் இருந்தனர். அவர்களிடம் பார்த்த மருந்தே பின்னர் உலகத்தார் அனைவர்க்கும் தரப்பட்டது.

இதனால் வரும் கேடு என்ன என்பதற்குச் சான்று சிங்கப்பூரிலேயே உண்டு. வலிப்பு நோய்க்குத் தரும் கார்பமாசெபின் என்னும் மருந்து பழையது; பலர்க்கும் நன்மை செய்வது. ஆனால் சிலர்க்கு அஃது உடலெங்கும் தோலைக் கொப்புளமாக்கி உரித்து, உயிரையும் வாங்கும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்னும் கொடிய நோயைத் தருகிறது. ஒரு குறிப்பிட்ட மரபணு வகை உடையவர்க்கே இந்த இடர் மிகுதி என்பதைத் தைவான் ஆராய்ச்சியாளர் 2004-ல் கண்டனர். அவ்வகை ஐரோப்பியரிடம் மிக அரிது. சீனரிடமும் மலாய்க்காரரிடமும் அத்துணை அரிதன்று. ஐரோப்பியரை மட்டும் வைத்து எத்தனை முறை ஆராய்ந்தாலும் இந்த உண்மை வெளிப்பட்டிராது. 2013 முதல் சிங்கப்பூரில், ஆசிய மரபினர்க்கு இம்மருந்தைப் புதிதாகத் தொடங்குமுன் அந்த மரபணுச் சோதனையைச் செய்வது முறையாக்கப்பட்டது.

மரபணு வேற்றுமை கதையின் சிறு பகுதியே. உணவு, தொழில், உறக்கம், வறுமை, மருத்துவரிடம் போகும் வழக்கம் ஆகியவையும் மக்களுக்கு மக்கள் வேறுபடுகின்றன. ஒரே மாத்திரை ஒருவர் வீட்டில் வேளை தவறாமல் உண்ணப்படுகிறது. இன்னொருவர் வீட்டில் அலமாரியில் கிடக்கிறது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் இரத்தக் கொதிப்பால் நேரும் சாவு, வேறெந்தப் பிரிவினரைக் காட்டிலும் கறுப்பின ஆண்களிடையே மிகுதி. அதற்குரிய மருந்துகளோ பல்லாண்டாகக் கடைகளில் உள்ளன, விலையும் மலிவு. மருந்து இருந்தும் மக்கள் சாகின்றனர் என்றால், ஆராயவேண்டுவது மாத்திரையை மட்டுமன்று. மாத்திரை மனிதனைச் சென்று சேரும் வழியையும் ஆராயவேண்டும். அந்த வழியை, அம்மனிதர் இல்லாமல் எவரிடம் ஆராய்வது?

அரசின் பொருளுதவி பெறும் மருத்துவ ஆய்வுகளில் பெண்களையும் சிறுபான்மை இனத்தவரையும் சேர்க்கவேண்டும் என்று அமெரிக்கப் பேராயம் 1993-ல் சட்டம் இயற்றிற்று. சட்டம் ஆய்வாளரைக் கட்டுப்படுத்தியது. மக்களை அழைத்து வர அதனால் இயலவில்லை. பல ஆய்வுகளில் கறுப்பின மக்களின் தொகை குறைவாகவே நின்றது. அவர்களுக்கு மருத்துவ அறிவு போதாது, அதனால் அஞ்சுகின்றனர் என்று எளிதாகக் காரணம் கூறி முடித்தோர் பலர்.

அந்தக் காரணம் நிற்காது. 2006-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, 20 மருத்துவ ஆய்வுகளில் அழைக்கப்பட்ட 70,000-க்கும் மேற்பட்டோரின் விடைகளை எடுத்துப் பார்த்தது. நேரில் அழைத்துக் கேட்டபோது சிறுபான்மையினர் இசைந்த அளவும் வெள்ளையர் இசைந்த அளவும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. கேட்கப்படாமையே பெருங்குறை என்று அதிலிருந்து தெரிகிறது. கேட்பவர் எவர், எங்கே வைத்துக் கேட்கிறார், கேட்டபின் என்ன செய்கிறார் என்பனவே எஞ்சிய வினாக்கள். அவ்வினாக்களுக்குப் பின்னே ஒரு பழைய நினைவும் கிடக்கிறது. அதைச் சொல்லாமல் இப்பொருள் விளங்காது.

அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்றோர் ஊர். புக்கர் டி. வாஷிங்டன் 1881 முதல் தலைவராக இருந்து வளர்த்த கறுப்பினக் கல்வி நிலையத்தால் புகழ்பெற்ற ஊர் அது. அதைச் சூழ்ந்த மேக்கன் மாவட்டத்தில், வாரத்துக்கு நிலம் உழும் பருத்திக் குடியானவர் மிகுதி. 1932-ல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை அங்கே ஓர் ஆய்வைத் தொடங்கிற்று. சிபிலிஸ் எனப்படும் மேகநோயைச் சிகிச்சையின்றி விட்டால் உடலில் அஃது என்ன செய்கிறது என்று கண்காணிப்பதே நோக்கம். நோயுற்ற கறுப்பின ஆண்கள் 399 பேர். ஒப்பிடுவதற்காக நோயற்றவர் 201 பேர். நோயின் பெயர் அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. ‘கெட்ட இரத்தம்’ என்று ஊரார் பொதுவாக வழங்கிய சொல்லையே மருத்துவரும் வழங்கினர். சிகிச்சை தருவதாகவும் நம்பவைத்தனர். முதுகுத் தண்டில் ஊசியேற்றி நீர் எடுத்த வேதனையான சோதனையைக்கூடச் சிறப்பான இலவசச் சிகிச்சை என்று கடிதம் எழுதி அழைத்தனர். உண்மையில் தந்தவை ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளும் இரும்புச் சத்து மருந்துமே.

1940-களில் பெனிசிலின் இந்நோயை முற்றாகத் தீர்க்கும் என்பது தெளிவாயிற்று. அப்பத்தாண்டு முடிவதற்குள் அஃது எங்கும் கிடைக்கும் மருந்தாகவும் ஆயிற்று. டஸ்கீகி ஆய்விலிருந்தவர்க்கு மட்டும் அது கிட்டாதபடி பார்த்துக்கொண்டனர். ஆய்வு 1972 வரை, நாற்பது ஆண்டு நடந்தது.

நாற்பது ஆண்டு! எந்த ஆய்விலும் ஆளை நாற்பது மாதம் நிறுத்தி வைப்பதே அரிது. ஏழைக் குடியானவரை, எழுதப் படிக்கத் தெரியாதவர் பலரை, இத்துணைக் காலம் எவ்வாறு நிறுத்தினர்? இதற்கு விடை ஒளிக்கப்படவில்லை. 1953-ல் பொதுச் சுகாதாரத் துறையின் இதழிலேயே, இருபதாண்டு அனுபவம் என்று ஒரு கட்டுரை அச்சாயிற்று. அதன் முதல் ஆசிரியர் பெயர் யூனிஸ் ரிவர்ஸ். ஆய்வின் தொடக்கம் முதல் அதில் பணி செய்த செவிலி அவர், கறுப்பினப் பெண், டஸ்கீகியிலேயே பயின்றவர். மருத்துவர்கள் வாஷிங்டனிலிருந்து வருவர், போவர். ஆண்டுக்கு ஆண்டு மாறுவர். ரிவர்ஸ் மாறவில்லை. ஒவ்வொருவர் வீடும் அவருக்குத் தெரியும். மனைவி மக்கள் பெயர் தெரியும். எந்தப் பருவத்தில் எவருக்குப் பருத்தி வேலை மிகுதி என்பதும் தெரியும். சோதனை நாளில் தம் காரிலேயே அவர்களை ஏற்றிக்கொண்டு போவார். அரசுச் சின்னம் பொறித்த காரில் அயலார் காணச் செல்வது அவர்களுக்கு ஒரு பெருமையாக இருந்ததை அக்கட்டுரையே குறிப்பிடுகிறது. நண்பகலில் சூடான உணவு. சிறு நோய்களுக்கு இலவச மருந்து.

எல்லாவற்றினும் வலிய கவர்ச்சி அடக்கச் செலவு. செத்தபின் முறையாக அடக்கம் செய்யப்படுதல் அந்த ஏழை மக்களுக்குப் பெரிய கவலை. நியூயார்க்கைச் சேர்ந்த மில்பாங்க் நினைவு நிதி அச்செலவுக்குப் பணம் தந்தது. ஆனால் இலவசமாக அன்று: இறந்தவர் உடலை அறுத்துச் சோதிக்கக் குடும்பத்தார் இசையவேண்டும். ஏறக்குறைய எல்லாக் குடும்பமும் இசைந்தது. துக்க வீட்டுக்குச் சென்று அந்த இசைவைப் பெற்றவரும் ரிவர்ஸ்தாம். 1958-ல் 25 ஆண்டு நிறைவுக்கென ஒவ்வொருவர்க்கும் அரசின் நற்சான்றிதழ் ஒன்றும், ஆண்டுக்கு ஒரு டாலர் வீதம் 25 டாலரும் தந்தனர்.

இன்று எந்த நாட்டிலாயினும் ஆய்வாளர்க்குப் பயிற்சி தரும் இடத்தில், ‘மக்களை ஈடுபடுத்தும் முறைகள்’ என்று ஒரு பட்டியல் கற்பிக்கப்படும். அவ்வினத்தைச் சேர்ந்தவரையே பணியில் அமர்த்துக, ஊர்ப் பெரியோரையும் திருச்சபையையும் துணைகொள்க, போக்குவரத்துக்கு ஏற்பாடு செய்க, உணவளிக்க, ஒரே முகம் தொடர்ந்து வரட்டும், பங்கேற்றவரைப் பாராட்டுக. டஸ்கீகியில் இவற்றுள் எது குறைந்தது? ஒன்றும் குறையவில்லை. முறைகள் யாவும் முழுமையாக இருந்தன. அவற்றைக் கொண்டே நாற்பது ஆண்டு வஞ்சனை நடந்தது. ரிவர்ஸ் அம்மையாரைக் கொடியவர் என்று கூறுவார் உளர். மருத்துவரின் கட்டளைக்குப் பணிந்த, தம் மக்களுக்கு இயன்ற சிறு உதவியைச் செய்த ஒரு செவிலி என்று இரங்குவாரும் உளர். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

பொதுச் சுகாதாரத் துறையில் பணியாற்றிய பீட்டர் பக்ஸ்டன் என்பவர் 1966 முதல் இதைத் தம் மேலாரிடம் கண்டித்து எழுதிவந்தார். பயன் இல்லை. 1972 சூலையில் செய்தி நாளிதழ்களுக்கு எட்டிற்று. அவ்வாண்டிலேயே ஆய்வு நிறுத்தப்பட்டது. 1974-ல் வழக்கு ஒரு கோடி டாலர் இழப்பீட்டில் முடிந்தது. அதே ஆண்டில் மனிதரை ஆய்வுக்குட்படுத்துவோரைக் கட்டுப்படுத்தும் சட்டம் பிறந்தது. அதன் வழி அமைந்த ஆணைக்குழுவின் பெல்மாண்ட் அறிக்கை 1979-ல் வெளிவந்தது. மனிதரை மதித்தல், நன்மை செய்தல், நீதி வழங்கல் என்னும் மூன்று நெறிகளை அது வகுத்தது. எஞ்சியிருந்த எண்மரை முன்னிட்டு, குடியரசுத் தலைவர் கிளிண்டன் 1997 மே 16-ஆம் நாள் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கோரினார்.

ஆனால் செய்தி வெளிப்பட்டபின் கெட்டது மேக்கன் மாவட்டம் மட்டுமன்று. மார்செல்லா ஆல்சன், மரியான் வனமேக்கர் என்னும் இரு பொருளியல் அறிஞர் 2018-ல் வெளியிட்ட கணக்கு ஒன்று திகைப்பூட்டுவது. 1972-க்குப் பின் கறுப்பின ஆண்கள் மருத்துவரிடம் செல்வது குறைந்தது. அதனால் 45 வயது அடைந்த கறுப்பின ஆணின் எஞ்சிய வாழ்நாள் ஒன்றரை ஆண்டு வரை குறுகிற்று என்று அவர்கள் மதிப்பிட்டனர். 600 பேரைக் கொண்ட ஓர் ஆய்வின் நிழல், அதனோடு தொடர்பே இல்லாத பல்லாயிரவர் மீது வீழ்ந்தது. டஸ்கீகியின் பெயரே அறியாத இளைஞரும் மருத்துவமனையில் தாம் மதிக்கப்படாத வேளைகளை அறிவர். ஆதலின் எல்லாவற்றையும் இந்த ஒரு கதையின் மீதே ஏற்றுவதும் பொருந்தாது.

இத்தகைய மண்ணில் மீண்டும் நம்பிக்கையை விதைத்தது எங்கே என்று பார்த்தால், இடம் வியப்பானது. முடிதிருத்தும் கடை!

தமிழர்க்கு இதில் வியப்புக் குறைவாகவே இருக்கலாம். தமிழ்நாட்டு ஊர்களில் முடிதிருத்துவோர் குலத்துக்கு மருத்துவர் என்னும் பெயரே வழங்கிவருகிறது. புண்ணுக்கு மருந்து கட்டியவரும், அக்குலப் பெண்டிராய் மகப்பேறு பார்த்தவரும் அவரே. ஐரோப்பாவிலும் கத்தி பிடித்தவர் ஒருவரே இரு தொழிலும் செய்தனர். இலண்டனில் 1540-ல் ஒரே சங்கமான முடிதிருத்துநரும் அறுவை மருத்துவரும் 1745-ல்தான் பிரிந்தனர். அமெரிக்கக் கறுப்பினத்தாரிடையே இக்கடைக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அடிமை நிலை நீங்கிய பின்னர் அவர்கள் தமக்கெனச் சொந்தமாக நடத்த முடிந்த சில தொழில்களுள் இஃது ஒன்று. அங்கே ஆண்கள் அரசியல் பேசுவர், விளையாட்டுப் பேசுவர், வீட்டுக் கவலையும் பேசுவர். வெளியார் கண்காணிப்பு இல்லாத இடம் அது.

ரொனால்டு விக்டர் என்னும் இதய மருத்துவர் முதலில் டெக்சாசு மாநிலத்து டல்லாசு நகரில் இக்கடைகளை நாடினார். அங்கே 17 கடைகளில் நடந்த ஆய்வின் முடிவு 2011-ல் வெளிவந்தது. முடிதிருத்துநரே வாடிக்கையாளரின் இரத்தக் கொதிப்பை அளந்து, மிகுதியாக இருந்தால் மருத்துவரிடம் போகச் சொல்லவேண்டும். பயன் இருந்தது, ஆனால் சிறிது. காரணம் எளிது. ‘போங்கள்’ என்று சொன்ன இடத்துக்கும் மருத்துவர் இருந்த இடத்துக்கும் இடையே பழைய தடைகள் யாவும் அப்படியே நின்றன. தாம் சொன்னதை மக்கள் கேட்கவில்லை என்று விக்டர் குறைகூறவில்லை. மருத்துவத்தையே கடைக்குள் கொண்டுவந்துவிட்டார்.

கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் கறுப்பினத்தார் நடத்தும் 52 கடைகளில் அடுத்த ஆய்வு நடந்தது. மேல் எண் 140-க்குக் குறையாத இரத்தக் கொதிப்பு உடைய வாடிக்கையாளர் 319 பேர் சேர்ந்தனர். நினைத்தபோது வந்து போகிறவரைச் சேர்க்கவில்லை. குறைந்தது ஆறு வாரத்துக்கு ஒருமுறை முடிவெட்டிக்கொள்ளும் நிலையான வாடிக்கையாளரையே சேர்த்தனர். அவர்களும் அவர்களுடைய முடிதிருத்துநரும் பழகிய காலம் சராசரியாகப் பத்தாண்டளவு. ஆளுக்கு ஆள் சீட்டுக் குலுக்காமல் கடைக்குக் கடை குலுக்கினர். ஒரே கடையில் ஒரு நாற்காலியில் இருப்பவர்க்கு ஒரு முறை, அடுத்த நாற்காலியில் இருப்பவர்க்கு வேறு முறை என்றால் அரை மணியில் பேச்சில் எல்லாம் கலந்துவிடும் அல்லவா?

ஒரு பிரிவுக் கடைகளில் முடிதிருத்துநர் வாடிக்கையாளரை ஊக்கி, தனிப்பயிற்சி பெற்ற மருந்தாளரைச் சந்திக்கச் செய்வார். மருந்தாளர் கடைக்கே வருவார். இரத்தக் கொதிப்பை அளந்து, வாடிக்கையாளரின் மருத்துவரோடு முன்னரே செய்துகொண்ட உடன்பாட்டின்படி மருந்தை எழுதித் தருவார், கூட்டுவார், குறைப்பார். இரத்தச் சோதனையும் அங்கேயே. என்ன செய்தார் என்று மருத்துவருக்கு அறிவிப்பார். மற்றப் பிரிவுக் கடைகளில் முடிதிருத்துநர் உணவு, உடற்பயிற்சி பற்றி எடுத்துச் சொல்லி, மருத்துவரிடம் செல்லுமாறு தூண்டுவார்.

முடிவு 2018-ல் வெளிவந்தது. தொடக்கத்தில் இரு பிரிவிலும் மேல் எண் சராசரி 153-க்கும் 155-க்கும் இடையே இருந்தது. ஆறு மாதத்தில் மருந்தாளர் வந்த கடைகளில் அது 27 குறைந்து 126 அளவுக்கு இறங்கிற்று. மற்றக் கடைகளில் 9 குறைந்து 145 அளவில் நின்றது. கொதிப்பு 130-க்கு 80 என்னும் அளவுக்குக் கீழே வந்தவர் முதற் பிரிவில் நூற்றுக்கு 64 பேர். இரண்டாம் பிரிவில் 12 பேர். இரண்டாம் பிரிவிலும் 9 குறைந்ததைக் கவனிக்கவேண்டும். உயர்ந்த அளவு கண்டு சேர்க்கப்பட்டவரை மறுமுறை அளந்தால் எண் தானே சற்று இறங்குவது இயல்பு. முடிதிருத்துநர் அறிவுரையும் உதவியிருக்கலாம். ஒப்பிடும் பிரிவு இல்லையேல் அந்த 9-ம் மருந்தாளரின் கணக்கில் ஏறியிருக்கும்.

இன்னோர் எண்ணை ஆய்வாளர் பெரிதும் மதிப்பர். சேர்ந்த 319 பேரில் ஆறு மாத இறுதியில் அளவு தந்தவர் 303 பேர், அதாவது நூற்றுக்கு 95. எளிதில் சேரார், சேர்ந்தாலும் நில்லார் என்று பலர் எழுதிவைத்த மக்கள் இவர்களே. நின்றதற்குக் காரணம், அவர்கள் எங்கும் புதிதாகப் போகவேண்டியிருக்கவில்லை. முடி வளரும், வெட்டிக்கொள்ள வருவர், வந்த இடத்தில் மருத்துவம் காத்திருந்தது. தவறினால் கேட்பவரும் அறிமுகமற்ற அலுவலர் அல்லர், பத்தாண்டாய்ப் பழகியவர்.

முடிதிருத்துநரும் ரிவர்ஸும் ஒரே வகையினர்தாமே என்று இங்கே ஐயம் எழுவது முறையே. இருவரும் அம்மக்களுள் ஒருவர். இருவரும் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குப் பழகியவர். இருவர் முகத்தை நம்பியே மக்கள் வந்தனர். வேற்றுமை அந்த முகத்துக்குப் பின்னே இருந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் கடையில் நோயின் பெயர் வெளிப்படை. தம் எண் என்ன, சென்ற முறை என்ன, அடுத்து என்ன மருந்து என்பது நாற்காலியில் இருப்பவர்க்குத் தெரியும். ஒப்பிடும் பிரிவினரையும் கைவிட்டுவிடவில்லை. நோய் உண்டு, மருத்துவரிடம் செல்க என்று அவர்களிடம் சொன்னார்கள். வேண்டாம் என்றால் விலகலாம். விலகியபின்னும் முடிவெட்டிக்கொள்ள அதே கடைக்கு வரலாம். டஸ்கீகியில் நோயாளி பெற்ற பெரும் பரிசு அவர் இறந்தபின் கிடைத்தது. இங்கே உயிரோடிருக்கும்போதே 27 எண் இறங்கியது. முடிதிருத்துநர்க்கும் ஒன்று தெரியும்: தம் சொல்லை நம்பி வந்தவர்க்குத் தீங்கு நேர்ந்தால், அவர் மறுநாளும் அதே தெருவில் கடை திறக்கவேண்டும். ஆய்வாளர் ஊரைவிட்டுப் போகலாம். அவர் போக முடியாது. ரிவர்ஸும் ஊரைவிட்டுப் போகவில்லை. ஆனால் அவர் சம்பளம் வாஷிங்டனிலிருந்து வந்தது, கட்டளையும் அங்கிருந்தே வந்தது.

மருத்துவரின் இனம் மட்டுமே போதுமா என்பதையும் ஆல்சன் குழுவினர் கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் ஆராய்ந்தனர். முடிவு 2019-ல் வெளிவந்தது. அவர்களும் ஏறக்குறைய 20 முடிதிருத்தும் கடைகளிலும் இரு பழம்பொருள் சந்தைகளிலும்தான் கறுப்பின ஆண்களைத் திரட்டினர். மருத்துவரின் படத்தை மட்டும் காட்டி எந்தெந்தச் சோதனை வேண்டும் என்று கேட்டபோது, படத்திலிருந்தவர் கறுப்பினத்தவரா அல்லரா என்பதால் விடை மாறவில்லை. நேரில் பேசிய பின்னரே மாறிற்று. கறுப்பின மருத்துவரோடு பேசியவர் மிகுதியான சோதனைகளுக்கு இசைந்தனர், அதிலும் இரத்தம் எடுக்கும் சோதனை போன்றவற்றுக்கு. ஆகவே ஓர் இன முகத்தை விளம்பரத்தாளில் அச்சிடுவதால் மட்டும் ஆவது சிறிது.

அலபாமாவுக்கு அடுத்த மிசிசிப்பி மாநிலத்தில் வேறொரு வழி நடந்துவருகிறது. அது மருந்தாய்வு அன்று. ஆனால் டஸ்கீகியைப் போலவே கறுப்பின மக்களை நெடுங்காலம் பின்தொடரும் ஆய்வு. ஜாக்சன் இதய ஆய்வு என்பது அதன் பெயர். 2000 முதல் 2004 வரை 5,306 பேர் அதில் சேர்ந்தனர். மாநில மருத்துவ நிலையத்தோடு, கறுப்பின மாணவர்க்கென எழுந்த ஜாக்சன் மாநிலப் பல்கலைக்கழகமும் டூகலூ கல்லூரியும் அதில் பங்காளிகள். அங்குள்ள இளைஞரைப் பொதுநல ஆராய்ச்சியில் பயிற்றுவிப்பதும் ஆய்வின் வேலையே. ஆய்வு என்பது வெளியார் வந்து குருதி எடுத்துச் செல்லும் வேலையாக இல்லாமல், உள்ளூர் மாணவர் கற்று நடத்தும் தொழிலாகவும் ஆகிறது. ஆண்டுதோறும் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் விசாரிக்கின்றனர்.

கடை ஆய்வின் குறைகளையும் சொல்லவேண்டும். பெண்கள் அங்கு இல்லை. கடைக்கு முறையாகச் செல்லப் பணமில்லாதவரும் இல்லை. நோய் மிகுதி அவர்களிடமே இருக்கக்கூடும். பயிற்சி பெற்ற மருந்தாளர் நகரெங்கும் கடை கடையாகச் செல்லும் செலவு சிறிதன்று. ஆய்வுப் பணம் தீர்ந்தபின் அதை எவர் கொடுப்பார் என்பது கடினமான கேள்வி. ஆய்வு முடிந்ததும் வந்தவர் போய்விட்டால், மக்கள் பழைய நினைவுக்குத் திரும்புவதற்கு அதிக நாள் ஆகாது. விக்டர் இதை உணர்ந்திருந்ததால் ஓராண்டு வரை தொடர்ந்தார். பன்னிரண்டு மாத முடிவில் முதற் பிரிவில் மேல் எண் 28.6 குறைந்து நின்றது, மற்றதில் 7.2. நூற்றுக்கு 90 பேர் அப்போதும் இருந்தனர். அந்த முடிவு 2019-ல் அச்சில் வந்தபோது விக்டர் இல்லை. 2018 செப்டம்பரில் அவர் மறைந்தார்.

டஸ்கீகி ஆய்வுக்குட்பட்டவருள் கடைசியானவர் 2004 சனவரியில் இறந்தார். இழப்பீட்டு உதவி பெற்றுவந்த கடைசி விதவை 2009-ல் இறந்தார். அவர்களுடைய மக்களும் பேரரும் தந்தையர் நினைவுக்கென ஓர் அறக்கட்டளை அமைத்துள்ளனர். 2022 சூனில், அன்று அடக்கச் செலவுக்குப் பணம் தந்த மில்பாங்க் நினைவு நிதியின் தலைவர் டஸ்கீகிக்கு வந்து, அந்த மக்கள் முன் நின்று மன்னிப்புக் கேட்டார். அவர்களுடைய அறக்கட்டளைக்கு ஒரு நன்கொடையும் தந்தார். இம்முறை ஈடாக எதையும் கேட்கவில்லை.